கிரீடம் ரெடி... ராஜா எங்கே?

'கடக்!'

சத்தம் கேட்டு முதலில் திரும்பியது என் மனைவிதான்.

"ஏங்க, நாற்காலி உடைஞ்சிடுச்சா?"

நாற்காலி இல்லை. சத்தம் வந்தது என் வாய்க்குள்ளிருந்து. கையில் பாதி கடித்த பொரிவிளங்காய் உருண்டை. மாமியார் ஊரிலிருந்து அன்போடு அனுப்பி வைத்தது. (மாப்பிள்ளைக்கு அனுப்பும் பட்சணங்களில், கூடவே சுத்தியலும் அனுப்ப வேண்டியது இது ஒன்றுதான்!) நாக்கால் தடவிப் பார்த்தேன். கீழ் வரிசை, வலது பக்கக் கடைவாய்ப் பல். காலையில் ஒன்றாக இருந்தது, இப்போது இரண்டாக ஆடிக்கொண்டிருந்தது.

பெரிசாக வலி இல்லை. அதுதான் விஷயமே! பதினாலு மாசத்துக்கு முன்னாலேயே அந்தப் பல்லுக்கு ரூட் கேனல் செய்து நரம்பை எடுத்தாகிவிட்டது. வலி போச்சு, பல் போச்சா என்ற கவலையும் கூடவே போச்சு.

மறுநாள் காலை டாக்டர் முன்னால் வாயைப் பிளந்தேன்.

"கேப் போடச் சொன்னேனே சார்?"

"அடுத்த மாசம் போட்டுக்கலாம்னு இருந்தேன் டாக்டர்."

"எந்த வருஷத்து அடுத்த மாசம்?"

எக்ஸ்ரே எடுத்தார். விரிசல் பல்லோடு நிற்காமல் ஈறுக்குக் கீழே வேர் வரை இறங்கியிருந்தது. "பிடுங்கத்தான் வேணும்" என்றார்.

நான் விடவில்லை. "என்ன டாக்டர் இது? கம்ப்யூட்டர்லயே கேப் செய்யற மெஷின் வந்தாச்சாம். இரும்பு மாதிரி ஸ்ட்ராங்காம். அதுல ஒண்ணு பண்ணி மாட்டிவிடக் கூடாதா?"

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நாங்க கேப்பைக் கிரவுன்னு சொல்லுவோம். கிரீடம்! கிரீடம் அரை மணியில ரெடியாயிடும் சார். வைக்கறதுக்கு ராஜா வேணுமே?"

அந்த ஒரு வரி என் காதில் குடைந்துகொண்டே இருந்தது. மெஷின் கேப் நிஜமாகவே எவ்வளவு ஸ்ட்ராங்? அவ்வளவு ஸ்ட்ராங் என்றால் அதற்கு ராஜா எதற்கு? பல்லைப் பறிகொடுத்தவனுக்குப் படிக்க நேரம் நிறைய. மெல்ல முடியாதே... படிக்கத்தானே முடியும்?

பி.காம். போட்ட தப்புக் கணக்கு

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் பி.காம். அப்போது ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஊருக்கெல்லாம் தேய்மானம் போட்டுக் கொடுத்தவன், சொந்தப் பல்லுக்குப் போடத் தவறிவிட்டேன்.

சிக்கல் எங்கே என்றால், ரூட் கேனலுக்கு ஒரு பில், கேப்புக்கு இன்னொரு பில். முதல் பில் வருகிறபோது வலி உயிரைக் கொல்லும். பர்ஸை அப்படியே மேஜை மேல் வைத்துவிடுவோம். இரண்டாவது பில் வரும்போது வலி போயே போச்சு! உடனே மூளை வேலை செய்ய ஆரம்பிக்கிறது. பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ், வண்டிக்கு டயர், இன்ஷூரன்ஸ் பிரீமியம்... வலிக்காத பல்லுக்கு என்ன அவசரம்?

பக்கத்து சீட் ராமநாதன் சார் வேறு தூபம் போட்டார். "எனக்கு நாலு வருஷமா அப்படியே கிடக்கு. எல்லாம் டாக்டருங்க பண்ற பிசினஸ் தம்பி!" (அவருடைய பல் இன்னும் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. இடது பக்கமாகவே மெல்லுகிறார்.)

முடிவு? கேப் செலவை மிச்சம் பிடித்தேன். இப்போது பிடுங்கிய இடத்தில் ஸ்க்ரூ வைத்துப் பல் கட்ட அதைப் போலப் பல மடங்கு. சொத்தைப் பல்லால் சொத்தை இழந்தவன் நான்தான்!

செத்த பல்லா, இளைத்த பல்லா?

'நரம்பை எடுத்துட்டா பல் செத்துப்போய் காய்ஞ்சு சுள்ளியாயிடும், அதான் உடையுது' என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது பெரும்பாலும் தப்பு.

1992-ல் ஒரு ஆராய்ச்சி வெளியானது. ஒரே ஆள் வாயில் ரூட் கேனல் செய்த பல், எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கும் அதன் ஜோடி என்று 23 ஜோடிகளை எடுத்துச் சோதித்தார்கள். பல்லின் உள்பொருளில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய வித்தியாசமில்லை! காய்ந்து நொறுங்கிப் போகும் கதையெல்லாம் இல்லை.

பின்னே ஏன் உடைகிறது? அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1989-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில் பதில் இருக்கிறது. ஒரு பல்லில் என்னென்ன வெட்டினால் அதன் விறைப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். ரூட் கேனலுக்காக மேலே போடும் ஓட்டை மட்டும் என்றால், குறைவது வெறும் 5 சதவீதம். மேல் பரப்பில் சொத்தையைச் சுரண்டி எடுத்தால் 20 சதவீதம். மேல் பரப்போடு சேர்த்து முன்பக்கச் சுவர், பின்பக்கச் சுவர் இரண்டும் போய்விட்டால்... 63 சதவீதம்!

ஒரு செருப்பு டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியில் ஓட்டை போட்டால் டப்பா அப்படியே நிற்கும். முன்னும் பின்னும் உள்ள அட்டையைக் கிழித்துவிட்டால்? மீதி இரண்டு பக்கமும் ஆளுக்கொரு திசையில் சாயும். என் பல் அந்த டப்பா! ரூட் கேனல் அதைக் கொல்லவில்லை. அதற்கு முன்னாலேயே சொத்தை முக்கால்வாசியைத் தின்று தீர்த்திருந்தது.

இன்னொரு சங்கதியும் உண்டு. சாதத்தில் கல் கடித்தால் தாடை தானாகவே நின்றுவிடுகிறது அல்லவா? ரூட் கேனல் செய்த பல்லில் அந்த எச்சரிக்கை மணி மந்தமாகிவிடுவதாக 1986-ல் ஸ்வீடனில் செய்த சோதனை சொன்னது. உயிருள்ள பல் 'ஐயோ' என்று சொல்லும் பளுவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிய பிறகுதான் ரூட் கேனல் பல் முனகுகிறதாம். என் பொரிவிளங்காய் ரகசியம் புரிந்துவிட்டது. சுவரும் இளைத்திருக்கிறது, வாட்ச்மேனும் தூங்குகிறான். வீடு எப்படித் தப்பும்?

சூரிச்சில் பிறந்த சின்ன மில்

இனி மெஷின் கதைக்கு வருவோம்.

பல்லைக் கேமராவால் அளந்து கம்ப்யூட்டரில் செய்யலாம் என்று 1973-லேயே ஆய்வேடு எழுதியவர் பிரான்சுக்காரர் ஃபிரான்சுவா துரே. ஆனால் பல் டாக்டரின் நாற்காலி பக்கத்திலேயே மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தியது சுவிட்சர்லாந்து. சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மொர்மன் என்ற பல் டாக்டர். வெள்ளிக் கலவைக்குப் பதிலாகப் பல் கலரிலேயே அடைப்பு வேண்டும், அதுவும் ஒரே நாளில் வேண்டும் என்பது அவர் ஆசை. அவருக்குக் கைகொடுத்தவர் மார்க்கோ பிராண்டெஸ்டினி என்ற எலக்ட்ரிகல் என்ஜினியர். இருவரும் சேர்ந்து உருவாக்கிய மெஷின்தான் 'செரெக்'. 1985 செப்டம்பரில் முதல் நோயாளியின் பல்லில் அதன் கைவேலை ஏறியது.

அன்றைக்கு அதற்குச் செய்யத் தெரிந்தது குழியை அடைக்கும் சின்னத் துண்டு மட்டும்தான். முழுப் பல்லையும் மூடும் கேப் செய்யக் கற்றுக்கொள்ள இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. இப்போது பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் ஓட்டினால் பல் அப்படியே திரையில் வந்துவிடுகிறது. அதில் கேப்பை வரைகிறார்கள். பக்கத்து அறையில் சோப்புக் கட்டியை விடச் சின்னதாக ஒரு செராமிக் கட்டியை, வைர முனைகள் தண்ணீர் பீய்ச்சியபடி குடைந்து எடுக்கின்றன. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பல் ரெடி! வாய் நிறையப் பசையை அப்பி, குமட்டக் குமட்ட அச்சு எடுக்கும் வேதனை மிச்சம்.

எது எவ்வளவு ஸ்ட்ராங்?

கட்டிகளில் பல ஜாதி. அவற்றின் பலத்தை 'மெகாபாஸ்கல்' கணக்கில் சொல்கிறார்கள். ஒரு மெகாபாஸ்கல் என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ. வளைத்து உடைத்துப் பார்க்கும் சோதனையில், மொர்மன் காலத்துக் கண்ணாடி ஜாதி செராமிக் 100 முதல் 150 வரை தாங்கும். 2000-களின் நடுவில் வந்த 'லித்தியம் டைசிலிகேட்' 360 முதல் 500 வரை. 'ஜிர்கோனியா'வில் பலமான ரகம் 900-ஐத் தாண்டி 1200 வரை கூடப் போகும்.

லித்தியம் கட்டியைப் பார்த்தால் சிரிப்பு வரும். நாவல்பழக் கலரில் இருக்கும்! 'இதையா டாக்டர் வாயில வெக்கப் போறீங்க?' என்று பதறத் தோன்றும். பாதி வெந்த நிலையில் குடைந்துவிட்டு, அப்புறம் சின்ன அடுப்பில் சுமார் 850 டிகிரியில் சுடுவார்கள். வெளியே வரும்போது முத்துப் பல்! ஜிர்கோனியா வேறு மாதிரி. சாக்பீஸ் பதத்தில் இருக்கும்போதே, வேண்டியதை விடப் பெரிசாகக் குடைந்துகொள்கிறார்கள். சுமார் 1500 டிகிரியில் சுட்டால் சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து, கல்லாகிவிடும்.

நாம் முழு பலத்தோடு கடித்தால் கடைவாயில் 50 கிலோவைத் தாண்டும். அதைத் தாங்க இந்தக் கட்டிகள் தாராளமாகப் போதும். அப்படியானால் ரொம்ப ஸ்ட்ராங்கானதை வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே?

அங்கேதான் இடிக்கிறது.

உலக்கைக்குப் பூண் மாதிரி

2015-ல் ஒரு சம்பவம். 'த்ரீ எம்' கம்பெனியின் 'லாவா அல்டிமேட்' என்ற கட்டி, பிசின் கலந்தது, கொஞ்சம் வளைந்து கொடுக்கும். லேபில் நல்ல மார்க் வாங்கியிருந்தது. ஆனால் அதை முழு கேப்புக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று கம்பெனியே அறிவித்தது. கேப் உடைந்ததாலா? இல்லை. எதிர்பார்த்ததை விட அதிகமாகக் கழன்று வந்ததால்! கட்டிக்குப் பலம் இருந்து என்ன, கீழே பிடிப்பு நிற்க வேண்டுமே.

சரி, நன்றாக ஒட்டிக்கொண்ட உறுதியான கேப் என்றால்? லேபில் பிடுங்கிய பற்களின் மேல் கேப் மாட்டி, மெஷினால் அழுத்தி உடைத்துப் பார்க்கிறார்கள். உறுதியான செராமிக் அதிக பளுவைத் தாங்குகிறது, உண்மை. ஆனால் தோற்கும்போது பல சமயம் வேரையும் பிளந்துகொண்டுதான் தோற்கிறது. பிசின் ஜாதி கொஞ்சம் முன்னாலேயே உடையும், ஆனால் பல் பிழைத்துக்கொள்ளும், வேறு கேப் போட்டுக்கொள்ளலாம். ஃப்யூஸ் போவது நல்லதா, வீட்டு ஒயரிங்கே எரிவது நல்லதா? நீங்களே சொல்லுங்கள்!

ஆக, கேள்வி கேப்பின் பலம் அல்ல. கேப்புக்குள் எவ்வளவு பல் மிச்சம் என்பதுதான்.

பாட்டி வீட்டு உலக்கை ஞாபகம் இருக்கிறதா? அடியில் இரும்பு வளையம் இருக்கும், பூண். அது எதற்கு? குத்துகிற குத்தில் மரம் பிளந்துவிடாமல் சுற்றி இறுக்கிப் பிடிக்க. பல் டாக்டர்கள் தேடுவதும் அந்தப் பூணைத்தான்! ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல் நின்றால், கேப் அதைப் பூண் மாதிரி அணைத்துப் பிடித்துவிடும். அரிசி மணியின் கனம்தான்... அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் மொத்தக் கட்டடத்துக்கும் அஸ்திவாரம். அது இல்லாவிட்டால் ஜிர்கோனியா என்ன, வஜ்ராயுதத்தையே மாட்டினாலும் நிற்காது.

'உள்ளே கம்பி வெச்சுக் கட்டினா ஸ்ட்ராங் ஆயிடும்' என்று ஒரு நம்பிக்கை உண்டு. வேருக்குள் இறக்கும் போஸ்ட், மேலே கட்டும் அடைப்பைப் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான். வேருக்கு அது பலம் தராது. அதற்காக அதிகம் குடைந்தால் வேர் இன்னும் இளைக்கும்.

பெரிய கடைவாய்ப் பல்லில் சுவர் ரொம்பக் குட்டையாகிவிட்டால் இன்னொரு வழி உண்டு. நரம்பு இருந்த அறைக்குள்ளேயே இறங்கி உட்காரும் மாதிரி, கேப்பும் அடைப்பும் ஒரே துண்டாகக் குடைந்து ஒட்டுவது. மொர்மன் குழு 1999-ல் இதற்கு வைத்த பெயர் 'எண்டோகிரவுன்'. மெஷின் வேலைக்கென்றே பிறந்தது! கடைவாயில் நன்றாக நிற்கிறது. ஆனால் கோரைப் பல்லுக்கு அடுத்த சின்னக் கடைவாய்ப் பற்களில் அதே குழுவின் அனுபவமே அவ்வளவு திருப்தி இல்லை. ஒட்டுவதற்கு இடம் கம்மி, பல்லின் உயரம் அதிகம். குட்டை மேஜையில் பெரிய டி.வி. வைத்த கதை.

வாய்தா வாங்காதீங்க!

இவ்வளவும் படித்த பிறகு கண்ணில் பட்ட இரண்டு கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை. கணக்குப் படித்தவனை அடிக்கக் கணக்கால்தானே முடியும்?

ஒன்று, 2002-ல் அமெரிக்காவில் வந்தது. ரூட் கேனல் செய்து கேப் போட்ட பற்களை விட, கேப் போடாத பற்கள் ஆறு மடங்கு வேகத்தில் பறிபோயிருந்தன. இரண்டாவது, 2004-ல் வந்தது. இன்ஷூரன்ஸ் பதிவேடுகளை வைத்து 14 லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட் கேனல் பற்களை எட்டு வருஷம் பின்தொடர்ந்தார்கள். 97 சதவீதம் வாயிலேயே இருந்தன. பிடுங்கப்பட்டவற்றைப் பார்த்தால், அவற்றில் 85 சதவீதத்துக்கு முழு கேப் இல்லை!

அதாவது 'ரூட் கேனல் பண்ணா பல் நிக்காது' என்பது பொய். நன்றாகவே நிற்கும். நிற்காதது தள்ளிப் போட்டவன் பல்தான். தற்காலிக சிமெண்ட் என்பது பேரிலேயே தற்காலிகம். மாசக்கணக்கில் வைத்திருந்தால் எச்சில் கசிந்து உள்ளே போகும், ரூட் கேனலே கெட்டுவிடும். சுவரும் நாளொரு கடியாகப் பிளக்கும். பூணுக்கு வேண்டிய அந்த இரண்டு மில்லிமீட்டர் அப்படித்தான் தவணை முறையில் காணாமல் போகிறது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாப் பல்லுக்கும் கேப் கட்டாயமில்லை. சின்ன ஓட்டை மட்டும் போட்ட முன்பல்லுக்கு நல்ல அடைப்பே போதும். மெல்லுகிற பல்தான் மூடி வைக்க வேண்டிய பல்.

இடது பக்கத்து ராஜா

பட்ட காலிலே படும் என்பார்கள். எனக்குப் பட்ட வாயிலேயே பட்டது. சில மாசம் கழித்து இடது பக்கக் கடைவாய்ப் பல்லில் வலி. மறுபடி ரூட் கேனல். இந்தத் தடவை கடைசி சிட்டிங்கிலேயே கேட்டுவிட்டேன். "டாக்டர், கேப் எப்ப?"

டாக்டர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், ஜுரமோ என்று.

அடுத்த வாரமே வேலை முடிந்தது. மெஷின் பக்கம் போகும் முன் ஒரு சின்னக் குச்சியால் பல்லைச் சுற்றி அளந்தார். "சுத்திலும் ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல நல்ல பல் நிக்குது சார். இது போதும். மத்ததெல்லாம் மெஷின் பாத்துக்கும்." நாவல்பழக் கட்டி கண்ணெதிரே பல்லாகி, அடுப்பில் வெந்து, வெள்ளையாகி வந்து உட்கார்ந்தது. நாக்குக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் நாக்கு சும்மா இருக்குமா? இன்றைக்கும் ராத்திரி படுத்தால் வலது பக்கம் போய் அந்தக் காலி இடத்தைத் தடவிப் பார்க்கிறது. ஆறு வயசில் முளைத்த பல். விழுந்து முளைக்கிற பாலகன் இல்லை, நிரந்தரமாக இருக்க வந்தவன். முப்பது வருஷம் எனக்காக மென்றான். அவனுக்கு ஒரு தொப்பி வாங்கித் தர எனக்குப் பதினாலு மாசத்தில் நேரமில்லை.

போன வாரம் ஊரிலிருந்து மாமியார் போன்.

"மாப்ளே, பொரிவிளங்கா தீந்து போச்சா? இன்னொரு டின் குடுத்து விடட்டுமா?"

"குடுத்து விடுங்க அத்தே... கூடவே ஒரு சுத்தியலும்!"

கேப் போடும் முன் டாக்டரிடம் கேளுங்க...

★ ஈறுக்கு மேலே சுற்றிலும் எவ்வளவு நல்ல பல் மிச்சம்? இரண்டு மில்லிமீட்டர் தேறுமா?

★ முழு கேப்தான் வேண்டுமா, மேடுகளை மட்டும் மூடினால் போதுமா? குறைவாகச் சீவினால் பல் மிச்சம்.

★ எந்தக் கட்டி, ஏன்? தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

★ தற்காலிக அடைப்பு எத்தனை நாள் தாங்கும்? அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

★ ரூட் கேனல், கேப் இரண்டுக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? வலி இருக்கும்போதே கேளுங்கள். வலி போனால் கேட்க மாட்டீர்கள்!